கறுப்புப் பெட்டி ஒரு மாதம் ஒலி விடுமாம், பிறகு ஏன் ஒருவருக்கும் கேட்கவில்லை?

வாவிக்கரைப் பொடியன் (மட்டக்களப்பு):

எல்லாருக்கும் வணக்கம். எம்எச் 370 பற்றி ராவு ஒரு வீடியோ பார்த்துவிட்டு நித்திரை போய்விட்டது, அதுதான் கேட்கிறேன். 2014 மார்ச் 8ஆம் தேதி கோலாலம்பூரில் இருந்து பீஜிங்குக்குப் புறப்பட்டு 239 பேரோடு காணாமல் போன விமானம், எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அதில் சொல்கிறார்கள், கறுப்புப் பெட்டியில் கைக்குள் அடங்குகிற ஒரு உருளை பூட்டியிருக்கும், தண்ணீர் பட்டதும் தானாகவே வேலை செய்யத் தொடங்கி விநாடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று ஒலி விடும், அப்போதைய பற்றரி ஆகக் குறைந்தது 30 நாளைக்கு நிற்கும் என்று. சரி, 30 நாள் ஒரு சாமான் கடலுக்குள் இருந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் அதைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமா? ஏஎல் பௌதிகத்தில் படித்தோம், காற்றை விடத் தண்ணீரில் ஒலி நாலு மடங்குக்கும் கூடிய வேகத்தில் போகும் என்று. திமிங்கிலம் போடுகிற சத்தம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்குக் கேட்குமாம். ஏன், நம்ம கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறதையே தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற முனையில் காதை வைத்துக் கேட்கிற ஆட்கள்தானே நாம். நீர்மூழ்கியைத் தேடிப் பிடிக்கிற நாடுகள் இத்தனை கப்பலோடு போய் ஒன்றும் கேட்கவில்லை என்றால் நம்புகிற மாதிரியா இருக்கு? எதையோ மறைக்கிறார்கள் என்று என் கூட்டாளி ஒருவன் அடித்துச் சொல்கிறான். எனக்கு அந்தளவுக்கு இல்லை, ஆனால் பதிலும் தெரியவில்லை. விளங்கினவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கட்டி (களுவாஞ்சிகுடி):

தம்பி, ஏஎல் பௌதிகத்தை நினைவில் வைத்திருப்பதே சந்தோஷம், ஆனால் வேகம் வேறு, தூரம் வேறு. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீற்றர் போகும் என்பது சரி. எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது அதிர்வெண். அந்த உருளை விடுகிற ஒலி 37.5 கிலோஹேர்ட்ஸ். மனுசக் காதுக்கு 20 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும், ஆகவே நீங்கள் அதன் பக்கத்திலேயே முக்குளித்துக்கொண்டு நின்றாலும் அந்த 'டிக்' உங்களுக்குக் கேட்காது. கருவிதான் அதைக் கீழே இறக்கிக் காதுக்குக் கேட்கிற மாதிரி மாற்றித் தரும்.

திமிங்கிலக் கதை என்ன என்றால், நீலத் திமிங்கிலம் போடுவது 20 ஹேர்ட்ஸ் பக்கம் உள்ள அடிக்குரல், அதைக் கடல்நீர் உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். 37.5 கிலோஹேர்ட்ஸ் அப்படியில்லை. கடல்நீரில் கரைந்திருக்கிற மக்னீசியம் சல்பேட்டு இந்த வகை உயர் ஒலியைக் குடித்துவிடும், கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 டெசிபல். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உருளையில் இருந்து 1 மீற்றரில் ஒலி 160 டெசிபல் (இது தண்ணீர்க் கணக்கு, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் டெசிபலோடு ஒப்பிட வேண்டாம்). 1 கிலோமீற்றருக்குப் போகும்போது பரவுவதால் 60 போய்விடும், உறிஞ்சலில் 10, மிச்சம் 90. 3 கிலோமீற்றரில் மிச்சம் 60. காற்றும் அலையும் மழையும் கப்பல் எஞ்சினும் போடுகிற இரைச்சலுக்குள் அது அமிழத் தொடங்குகிற இடம் அதுதான். 5 கிலோமீற்றரில் 36க்கு வந்துவிடும், அங்கே எவ்வளவு விலையுயர்ந்த கருவி கொண்டு போனாலும் பிரயோசனம் இல்லை. ஒரு கிலோமீற்றரில் இருந்து இரண்டு வரை நிச்சயம், கடல் நல்லாக இருந்தால் நாலைந்து வரை போகலாம், அவ்வளவுதான் அந்த உருளையின் எல்லை. இதில் இன்னொன்று, இந்து சமுத்திரத்தில் அவர்கள் தேடின இடத்தின் ஆழமே நாலு கிலோமீற்றரும் அதற்கு மேலும். கப்பல் நேர் மேலே வந்து நின்றாலும் எல்லையின் விளிம்பில்தான் நிற்கும்.

அதோடு, ஒலி நேர்கோட்டில் போகாது. நம்ம கடலில் மேல்தண்ணி 28, 29 பாகை சூடு, கீழே போகப் போக 2, 3 பாகைக்கு இறங்கிவிடும். சூடும் குளிரும் சந்திக்கிற அந்தப் படையில் ஒலி வளையும், மெதுவாகப் போகிற பக்கத்துக்குத்தான் வளையும். அப்படி வளைகிறபோது ஒலி போய்ச் சேராத நிழல் பகுதிகள் உண்டாகும். நீங்கள் தூரத்தால் சரியான இடத்தில் நிற்கலாம், ஆனாலும் நிழலுக்குள் நின்றால் ஒன்றும் கேட்காது.

மீராவோடைக் காக்கா (வாழைச்சேனை):

அஸ்ஸலாமு அலைக்கும். சேர் சொன்ன கணக்கு எனக்கு விளங்காது, ஆனால் இரைச்சல் விளங்கும், மல்டிடே போட் ஓடுகிற ஆள் நான். கடல் அமைதி என்று கரையில் நிற்கிறவர்தான் சொல்வார். ராவில் எஞ்சினை நிற்பாட்டிப் போட்டு, அணியத்தில் படுத்துக் காதைப் பலகையில் வைத்தால் பாருங்கள், கல்லுப்பார் பக்கம் என்றால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி விடாமல் ஒரு சத்தம் வரும். விரல் நீளம் கூட இல்லாத ஒரு இறால் சாதி, ஒரு கொடுக்கு மட்டும் பெரிது, அதைப் படாரென்று மூடும், அந்தச் சத்தம்தான். ஆயிரக்கணக்கில் இருக்கும். எங்களுக்குக் கேட்கிறது அதில் அடிப்பகுதி மட்டும்தான், மனுசக் காதுக்கு எட்டாத உயரத்திலும் அது போகிறது என்று போட்டுக்குச் சவுண்டர் (ஒலியை விட்டு ஆழமும் மீனும் பார்க்கிற கருவி) பூட்ட வந்த ஆள் சொன்னார்.

மறுகா எக்கோ சவுண்டர். எங்கட போட்டில் இருப்பது 50க்கும் 200க்கும் வேலை செய்கிற சாமான், பெரிய போட்டுகளிலும் ஆராய்ச்சிக் கப்பல்களிலும் 38 கிலோஹேர்ட்ஸ் பாவிக்கிறார்கள். 37.5 எங்கே, 38 எங்கே, பக்கத்து வீடு மாதிரி. பக்கத்தில் இன்னொரு போட் அதே அலையில் சவுண்டர் போட்டால் என் ஸ்கிரீனில் என்ன நடக்கும் தெரியுமா, மேலிருந்து கீழாகச் சரிவாகப் புள்ளி புள்ளியாகக் கோடு விழும், மீனா தரையா என்று பிரிக்க ஏலாது. கத்திப் பேசி ஒராள் மற்றாளை நிற்பாட்டச் சொன்னால்தான் சரிவரும். விமானம் தேடப் போன இடத்தில் பத்துப் பன்னிரண்டு கப்பல் நின்றால், எல்லாத்திலும் சவுண்டர், எல்லாத்திலும் எஞ்சின். அதற்குள் ஒரு சின்ன டிக்கைப் பிடிக்கச் சொன்னால்?

கல்லடியான்77:

எல்லாம் சரி, அப்போ சீனக் கப்பலும் அவுஸ்திரேலியக் கப்பலும் சத்தம் கேட்டது என்று 2014 ஏப்ரலில் எல்லா டிவியிலும் போட்டார்களே? மணித்தியாலக் கணக்காகக் கேட்டது என்றார்கள். பிறகு அப்படியே அமுக்கிவிட்டார்கள். அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், பௌதிகம் பிறகு படிப்போம்.

நீலாவணையான் (இப்போது கட்டாரில்):

கடலடி அளக்கிற கப்பலில் வேலை, ஆகவே இதில் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேடுகிற விதம். சேர் சொன்ன மாதிரி மேலே இருந்து கேட்டுப் பிரயோசனம் இல்லை, அதனால் கேட்கிற கருவியைக் கீழே இறக்கவேண்டும். ஒரு சின்ன முக்கோண வடிவச் சாமான், அதற்குள் ஒலிவாங்கி, பல கிலோமீற்றர் கம்பியில் கட்டி ஆழத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். கப்பல் சத்தத்தில் இருந்தும் அது தப்பும். ஆனால் வேகம் மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல்தான், கூட்டினால் கம்பியோடு கருவி மேலே எழும்பி வந்துவிடும், கருவியே இரையத் தொடங்கும். ஒரு கோடு முடிந்து மற்றக் கோட்டுக்குத் திரும்ப மணித்தியாலக் கணக்கு ஆகும், அவ்வளவு நீளக் கம்பியை வைத்துக்கொண்டு சைக்கிள் திருப்புகிற மாதிரித் திருப்ப ஏலாது. மூன்று கிலோமீற்றர் அகலத்துக்குக் கேட்கிறது என்றே வையுங்கள், திரும்புகிற நேரத்தையும் விட்டுவிடுங்கள், ராப்பகலாக இழுத்தாலும் நாளுக்குச் சுமார் 400 சதுர கிலோமீற்றர், 30 நாளைக்கு 12,000. எம்எச் 370க்காகப் பிறகு கடலடியில் சோனாரால் (ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துப் படம் பிடிக்கிற கருவி) தேடிய பரப்பு 1,20,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையே 65,610தான். அதுவும் முதல் நாளே அங்கே போய் நின்றால்தான் இந்தக் கணக்கு. முதலில் தென்சீனக் கடலில் தேடினார்கள், பிறகு செய்மதியோடு விமானம் பரிமாறிக்கொண்ட சில சமிக்ஞைகளை வைத்துத்தான் தெற்கு இந்து சமுத்திரம் என்று முடிவுக்கு வந்தார்கள். இழுக்கிற கருவியோடு அவுஸ்திரேலியாவின் ஓஷன் ஷீல்ட் கப்பல் புறப்பட்டதே மார்ச் 31. பற்றரி முடிய ஒரு கிழமைதான் மிச்சம்.

இப்போது கல்லடியான் கேட்டது. யாரும் அமுக்கவில்லை, விசாரணை அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது, டிவிக்காரர்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. ஓஷன் ஷீல்ட் ஏப்ரல் 5ஆம் தேதியும் 8ஆம் தேதியும் பிடித்த ஒலி 33.3 கிலோஹேர்ட்ஸ், 37.5 இல்லை. அப்போதே இது உதைத்தது, ஆனால் ஆழத்தின் அழுத்தத்தாலும் பற்றரி இறங்குவதாலும் அதிர்வெண் கொஞ்சம் விலகலாம் என்று ஒரு விளக்கம் சொல்லி அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. இன்றோ நாளையோ பற்றரி சாகப் போகிறது, 239 குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஹெட்போனில் ஒழுங்கான இடைவெளியில் ஒரு டிக் டிக் வருகிறது, அதை 'இது இல்லை' என்று தள்ளிவிட யாருக்குத்தான் மனம் வரும். மறுகா புளூஃபின் 21 என்கிற ஆளில்லா நீர்மூழ்கியை இறக்கி அந்த இடத்தைச் சுற்றி 850 சதுர கிலோமீற்றர் கடலடியைச் சோனாரால் பார்த்தார்கள். ஒரு துண்டும் இல்லை. மே மாதக் கடைசியில் இந்த இடத்தைக் கழித்துவிடலாம் என்று அறிவித்தார்கள். கப்பலின் சொந்தக் கருவிகளே இப்படியான ஒலி விடும், எங்கள் கப்பலிலும் ஒன்றையொன்று குழப்பாமல் இருக்க எதை எப்போது போடுவது, எதை அணைப்பது என்று அட்டவணை இருக்கிறது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், கறுப்புப் பெட்டி என்பது இரண்டு, ஒன்று விமானத்தின் தரவைப் பதிவது, மற்றது விமானிகளின் குரலைப் பதிவது: தரவுப் பதிவுக் கருவியில் பூட்டியிருந்த உருளையின் பற்றரி 2012 டிசம்பரிலேயே காலாவதி என்று 2015 மார்ச்சில் வந்த இடைக்கால அறிக்கையில் இருக்கிறது. மற்ற உருளை, குரல் பதிவுக் கருவியில் இருந்தது, அது தவணைக்குள்தான் இருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால் பொய்யாகக் கேட்ட ஒலியை விடப் பெரிய சேதத்தைச் செய்வது கேட்காமல் போன ஒலி. ஏர் பிரான்ஸ் 447 எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜூன் 1, ரியோவில் இருந்து பாரிஸ், 228 பேர், அத்லாந்திக்கில் விழுந்தது. சில நாளிலேயே மிதந்த துண்டுகள் கிடைத்தன, கடைசி இடமும் தெரியும், பிரான்சின் எமரோட் அணுநீர்மூழ்கி போனது, அமெரிக்கக் கடற்படையின் இழுவைக் கருவிகள் போயின. ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? இந்தப் பக்கம் விமானம் இல்லை என்று. அவர்களும் அதைத்தான் செய்தார்கள், அந்தக் கட்டங்களை வெட்டிவிட்டு 2010இல் வேறு இடத்தில் சோனார் போட்டுத் தேடினார்கள். 2011இல் மெட்ரோன் என்ற கணக்குக் கம்பெனி ஒன்று எல்லாத் தரவையும் திரும்பப் போட்டு, இரண்டு உருளையுமே வேலை செய்யாமல் போயிருந்தால் என்ற ஒரு நிபந்தனையையும் சேர்த்துப் பார்த்தது. நிகழ்தகவு முழுக்க ஏற்கெனவே 'கேட்டுப் பார்த்து' விட்ட பக்கத்துக்கு வந்து குவிந்தது. ரீமஸ் 6000 என்கிற ஆளில்லா நீர்மூழ்கிகளை அங்கே இறக்கினார்கள், ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு கிழமை அளவிலேயே சிதைவு கிடைத்தது, 3900 மீற்றர் ஆழத்தில், கடைசியாகத் தெரிந்த இடத்தில் இருந்து ஆறரைக் கடல் மைலில். 2009 ஜூனில் இழுவைக் கருவி போன பகுதிதான் அது. மே மாதம் பெட்டிகளை எடுத்தார்கள், இரண்டு வருடம் உப்புத்தண்ணிக்குள் கிடந்தும் பதிவு நல்லாகவே இருந்தது.

ஆகவே பொடியன், உங்கள் கேள்வியின் அடியிலேயே ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது, அந்த உருளை விமானத்தைக் காட்டித் தரும் என்று. அது அதற்குச் செய்ததே இல்லை. சிதைவு கிடக்கிற இடம் ஓரளவு தெரிந்த பிறகு, அந்தக் குப்பைக்குள் பெட்டி எங்கே என்று கிட்டப் போய்ப் பார்க்கிறதுக்குச் செய்தது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தும் இருக்கிறது. 2016 மே மாதம் விழுந்த எகிப்து ஏர் 804, மத்தியதரைக் கடலில் 3000 மீற்றர் ஆழம், ஜூன் 1ஆம் தேதியே பிரெஞ்சுக் கப்பல் லாப்லாஸ் ஒலியைப் பிடித்துவிட்டது. எங்கே விழுந்தது என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் வித்தியாசம்.

பாசிக்குடா முக்குளி:

நீலாவணையான் அண்ணன் ஆழத்தைச் சொன்னார், நான் ஆழமில்லாத இடத்தைச் சொல்கிறேன், அங்கேயும் லேசு இல்லை. டைவிங் பண்ணுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், தண்ணிக்குள் யாராவது சிலிண்டரில் கத்திப் பிடியால் தட்டினால் நல்லாகக் கேட்கும், ஆனால் எந்தப் பக்கத்தில் இருந்து என்று தெரியாது. மேலே என்றால் ஒரு காதுக்கு முதலும் மற்றக் காதுக்குப் பிறகும் வந்து சேருகிற அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து மூளை பக்கத்தைக் கண்டுபிடிக்கும். தண்ணிக்குள் ஒலியின் வேகத்துக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் இல்லாமல் போய்விடும், தலை முழுக்கச் சத்தம் நிறைந்த மாதிரி இருக்கும், சுற்றிச் சுற்றித்தான் பார்க்கவேண்டும். அதனால் பெட்டி தேடுகிற முக்குளிகள் கையில் ஒரு திசைக் கருவி கொண்டு போவார்கள், டோர்ச் மாதிரிப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பி, எந்தப் பக்கம் பலமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நீந்துவார்கள்.

2018 அக்டோபர் 29 ஜாவாக் கடலில் விழுந்த லயன் ஏர் 610, ஆழம் 30 சொச்சம் மீற்றர்தான். ஒரு பெட்டி மூன்று நாளில் கிடைத்தது. மற்றது 2019 ஜனவரி நடுப்பகுதியில், மீற்றர் கணக்கான சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. சேறு ஒலியை விழுங்கிவிடும். 2021 ஜனவரியில் அதே கடலில் விழுந்த ஸ்ரீவிஜயா 182இல் இன்னொரு கூத்து, உருளை பெட்டியில் இருந்து கழன்று தனியாகக் கிடந்தது, ஒலியைத் துரத்திப் போனவர்களுக்குக் கையில் வந்தது உருளை மட்டும். குரல் பதிவின் நினைவகத்தை எடுக்க மார்ச் கடைசி ஆனது.

நம்ம மட்டக்களப்புக் கடலில் கிடக்கிற ஹேர்மீஸ் என்கிற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை நினைத்துப் பாருங்கள், 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் தாட்டது, 50 மீற்றருக்குக் கொஞ்சம் கூட ஆழம். அது எங்கே என்று வலை சிக்கின மீன்காரனுக்குத்தான் முதலில் தெரியும், சோனாருக்கு இல்லை.

மீராவோடைக் காக்கா (வாழைச்சேனை):

அது உண்மை தம்பி. அந்தப் பக்கம் வலை விட ஒருத்தரும் விரும்ப மாட்டார்கள், போனால் வலை போனதுதான்.

கல்லடியான்77:

நீலாவணையான் சொன்ன 33.3 கதை எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, நம்ம ஊரில் 1998 செப்டெம்பர் 29 பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் போன அன்டனோவ் விமானம் இரணைதீவுப் பக்கம் விழுந்ததே, 55 பேர், அதன் சிதைவு 2012இல்தானே கிடைத்தது? அங்கே நாலு கிலோமீற்றர் ஆழமும் இல்லை, நிழலும் இல்லை.

சுண்ணாம்புக்கட்டி (களுவாஞ்சிகுடி):

அந்த இடத்துக்குப் போய்த் தேடக்கூடிய நிலைமை அப்போது இருக்கவில்லை கல்லடியான், யுத்தம். அதற்கும் டெசிபலுக்கும் சம்பந்தம் இல்லை. யார் சுட்டது எவர் சுட்டது என்று இங்கே தொடங்க வேண்டாம், இந்தத் திரியைப் பூட்டிவிடுவார்கள். ஆழமான வங்காள விரிகுடாவுக்கு உதாரணம் வேண்டுமென்றால் இந்திய விமானப்படையின் ஏஎன் 32 இருக்கிறது. 2016 ஜூலை 22 தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேயருக்குப் புறப்பட்டு 29 பேரோடு காணாமல் போனது. சென்னையில் இருந்து சுமார் 310 கிலோமீற்றரில், 3400 மீற்றர் ஆழத்தில் சிதைவு கிடப்பதாக அறிவித்தது 2024 ஜனவரியில். இந்தியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானாக ஓடுகிற நீர்மூழ்கி ஒன்று சோனாரும் கமராவும் கொண்டு பார்த்தது. ஒலி கேட்டுக் கண்டுபிடித்தது இல்லை.

வாவிக்கரைப் பொடியன் (மட்டக்களப்பு):

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒரு கடைசிக் கேள்வி. 37.5தான் பிரச்சினை என்றால் அதிர்வெண்ணைக் குறைத்துவிட்டால் என்ன? ஏன் இன்னும் அதையே வைத்திருக்கிறார்கள்?

நீலாவணையான் (இப்போது கட்டாரில்):

குறைத்துவிட்டார்கள், ஆனால் அதை மாற்றி இல்லை, கூடவே இன்னொன்று. ஏர் பிரான்ஸ் விசாரணைக்குப் பிறகு வந்த இரண்டு பரிந்துரை இது. ஒன்று, பெட்டியில் உள்ள உருளையின் ஆயுளை 30இல் இருந்து 90 நாளாக்குவது. மற்றது, கடலுக்கு மேலால் தூரம் போகிற பெரிய விமானங்களின் உடம்பிலேயே 8.8 கிலோஹேர்ட்ஸில் ஒலி விடுகிற தனிக் கருவி பூட்டுவது. அந்த அதிர்வெண்ணில் உறிஞ்சல் கிலோமீற்றருக்கு 1 டெசிபல் அளவுதான், சேரின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், எல்லை எவ்வளவு நீளும் என்று தெரியும். ஆனால் அதிர்வெண் குறையக் குறைய ஒலி விடுகிற சாமான் பெரிதாகும், பற்றரியும் பெரிதாகும், பெட்டியில் ஒட்டிக்கொள்கிற சின்ன உருளைக்குள் அது அடங்காது, அதனால்தான் விமானத்தின் உடம்பில். 37.5ஐ விட்டுவிட முடியாததற்கு இன்னொரு காரணம், கிட்டப் போன பிறகு பெட்டி எந்தப் பக்கம் என்று துல்லியமாகப் பிடிக்க உயர்ந்த அதிர்வெண்தான் நல்லது. முக்குளித் தம்பியின் கைக்கருவியும் அதற்குத்தான்.

ஆனால் விழுந்த வேகத்தில் இரண்டுமே நொறுங்கிவிட்டால் 8.8 ஆனாலும் ஒன்றுதான். எனக்கு அதை விட நம்பிக்கை, விமானம் எங்கே நிற்கிறது என்று செய்மதிக்கு அடிக்கடி அறிவித்துக்கொண்டே போவதில்தான். விழுந்த இடம் பத்துக் கடல் மைலுக்குள் தெரிந்தால் மிச்சத்தை நாங்கள் சோனாரால் பார்த்துக்கொள்வோம், அந்த உருளை கத்தினால் என்ன கத்தாவிட்டால் என்ன.

மீராவோடைக் காக்கா (வாழைச்சேனை):

நீலாவணைத் தம்பி, சவுண்டர் பற்றி ஒரு விசயம் கேட்கணும், 38இல் வேலை செய்கிற தலை என் போட்டுக்குச் சரிவருமா, விலை என்ன போகும். இங்கே வேண்டாம், இன்பொக்சுக்கு வாங்க.